5 டாலர் கச்சேரி

1981-ம் ஆண்டு, ஜூன் மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே ஒரு சின்னஞ்சிறு கிளப். இரவு நேரம்.

மேடையில் ஒரு ராக் கோஷ்டி முழங்கிக்கொண்டு இருக்கிறது. "பிளாக் ஃப்ளாக்" என்பது அதன் பெயர். "கறுப்புக் கொடி" என்று அர்த்தம். கலிபோர்னியாவில் இருந்து வந்த கோஷ்டி அது.

கூட்டத்தில் ஒரு வாலிபர். வயது 20. பெயர் ஹென்றி கார்பீல்டு. வாஷிங்டன் நகரில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் அவருக்கு மானேஜர் வேலை. தமக்குப் பிடித்த கோஷ்டியைப் பார்ப்பதற்காக 350 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு வந்து இருந்தார்.

காலையில் கடை திறக்க வேண்டும். அதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும்.

வேலைக்குப் போகிறவனின் அலுப்பைச் சொல்லும் பாட்டு ஒன்று அந்தக் கோஷ்டியிடம் உண்டு. தாம் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, அந்தப் பாட்டைப் பாடும்படி ஹென்றி கேட்டார். கோஷ்டியும் தொடங்கியது. ஹென்றிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே தாவு! மேடையில் ஏறிவிட்டார். பாடகர் கோபிக்கவில்லை. ஒலிவாங்கியை அவரிடமே விட்டுவிட்டார். ஹென்றி பாடினார். பிறகு இறங்கி வந்து, காரில் ஏறி, இரவோடு இரவாக ஊருக்குப் புறப்பட்டார்.

சில நாட்கள் கழிந்தன. நியூயார்க்கில் இருந்து அழைப்பு வந்தது. பாடகர் கிதார் வாசிக்க ஆசைப்பட்டார். ஆகவே, கோஷ்டிக்குப் புதுப் பாடகர் தேவைப்பட்டார்!

ஹென்றி போனார். பாடிக் காட்டினார். தேர்வு பெற்றார். ஐஸ்கிரீம் கடை வேலைக்கு முழுக்குப் போட்டார். "ஹென்றி ரோலின்ஸ்" என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகர் ஆனார்.

சினிமாக் கதை போல் இருக்கிறது அல்லவா? ஆனால், நடந்த கதை.

இதுவே 50 ஆயிரம் பேர் கூடும் பெரிய மைதானமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாவிய வாலிபரைக் காவலாட்கள் பாதி வழியிலேயே பிடித்து வெளியே தள்ளி இருப்பார்கள். சிறிய கிளப்பில் ரசிகனுக்கும் பாடகனுக்கும் நடுவே இருந்தது மேடை ஒன்றுதான்.

"இண்டி" என்றால் என்ன?

கிளப் என்றதும் சீட்டாடும் இடமோ, காபி கிளப்போ என்று எண்ணிவிட வேண்டாம். இது பாட்டுக் கேட்கும் இடம். ஒரு புறம் சிறிய மேடை. ஒரு புறம் மது விற்கும் மேசை. நடுவில் ரசிகர்கள் நிற்பார்கள். பெரும்பாலும் நாற்காலி இருக்காது.

"இண்டி ராக்" என்பது அந்த மேடைகளில் வளர்ந்த இசை. "இண்டிபெண்டன்ட்" என்ற சொல்லின் சுருக்கமே "இண்டி". சுதந்திரமானது, பிறர் கையை எதிர்பாராதது என்று பொருள்.

பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் பணமும் விளம்பரமும் உண்டு. இண்டி கோஷ்டிகள் அவர்கள் வாசலில் காத்து நிற்பதில்லை. தாங்களே பாட்டு எழுதுவார்கள். தாங்களோ, நண்பர்களோ நடத்தும் சிறு கம்பெனியில் இசைத்தட்டு போடுவார்கள். பழைய வேன் ஒன்றில் கிதாரையும் டிரம்மையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள்.

அவர்களுக்குச் சோறு போடுவது யார்? சிறிய கிளப்தான். அங்கே வரும் 100 பேர், 200 பேர்தான்.

16 வயதில் ஒரு கச்சேரி

ஐஸ்கிரீம் கடை ஹென்றிக்குச் சிறு வயது முதல் ஒரு நண்பர் உண்டு. பெயர் இயான் மெக்கை. 1962-ம் ஆண்டு வாஷிங்டனில் பிறந்தவர்.

வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலை இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒரு ரேடியோ நிலையம் நடத்தி வந்தார்கள். புதுப் புதுப் பாட்டுகளை ஒலிபரப்பிய நிலையம் அது. 1979-ல் சர்வகலாசாலை அதை மூடியது. அதன் அலைவரிசையை ஒரே ஒரு டாலருக்கு வேறொரு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டது!

நிலையத்துக்கு ஆதரவாக, பிப்ரவரி மாதம் ஒரு கச்சேரி நடந்தது. "தி கிராம்ப்ஸ்" என்ற கோஷ்டி வாசித்தது. இயானும் போனார். அப்போது அவருக்கு 16 வயது.

ஒரே நெரிசல். ஒரே முழக்கம். இயான் அதுவரை அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. பாட்டு என்றால் ரேடியோவில் கேட்பது, பெரிய மேடையில் யாரோ பாடுவது என்று இருந்தவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மேடையில் நிற்பவர்களும் தம்மைப் போன்றவர்களே! தாமும் பாடலாம்!

தம் வாழ்க்கையின் திருப்பம் அந்த இரவுதான் என்று இயான் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

அதே ஆண்டில் பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு "டீன் ஐடில்ஸ்" என்ற கோஷ்டியைத் தொடங்கினார்.

கையில் பெருக்கல் குறி

ஆனால், வழியில் ஒரு தடை இருந்தது. அது மதுச் சட்டம்.

கிளப்காரர்களுக்குக் கச்சேரி டிக்கெட்டில் கிடைக்கும் லாபம் குறைவு. மது விற்பனையில்தான் அவர்கள் பிழைப்பு. மது வாங்க வயது வரம்பு உண்டு. சிறுவனை உள்ளே விட்டு, அவன் குடித்துவிட்டால் கிளப்பின் உரிமமே போய்விடும். ஆகவே, "சிறுவர்களே உள்ளே வராதீர்கள்" என்று பல கிளப்கள் கதவைச் சாத்தின.

பாட்டைக் கேட்கத் துடிப்பவர்கள் 15, 16 வயதுப் பிள்ளைகள். பாடுகிறவர்களுக்கும் அதே வயது. ஆனால், இரு சாராருக்கும் கதவு அடைப்பு!

1980-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டீன் ஐடில்ஸ் கோஷ்டியினர் கலிபோர்னியாவுக்குப் பயணம் போனார்கள். நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்து மேற்குக் கோடி வரை பஸ் பயணம்! சான்பிரான்சிஸ்கோ நகரில் "மபுஹாய் கார்டன்ஸ்" என்ற இடத்தில் கச்சேரி. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சாப்பாட்டு விடுதியாக இருந்து, பாட்டு மேடையாக மாறிய இடம் அது.

கோஷ்டியில் எவருக்கும் 21 வயது ஆகவில்லை. விடுதிக்காரர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். பையன்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டார்கள். "இந்தக் குறி உள்ளவனுக்கு மது தராதே" என்பது அடையாளம். மற்றபடி உள்ளே வரலாம். பாடலாம். கேட்கலாம்.

இதைக் கண்டதும் பையன்களுக்கு யோசனை பிறந்தது. ஊருக்குத் திரும்பியதும் வாஷிங்டன் கிளப்காரர்களிடம் பேசினார்கள். எங்கள் கையில் குறி போடுங்கள், நாங்கள் மதுவைத் தொட மாட்டோம், பாட்டை மட்டும் கேட்க விடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

அடைத்த கதவு மெல்லத் திறந்தது.

தண்டனை போல் வந்த குறி, நாளடைவில் பெருமைச் சின்னம் ஆனது. குடிக்காமல் இருப்பதும் ஒரு வீரம்தான் என்று இயான் 1981-ல் ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டு ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஆனால், அதைக் கேட்ட பல நாட்டு இளைஞர்கள் மது, புகை இரண்டையும் விலக்கினார்கள். தங்கள் கையில் தாங்களே பெருக்கல் குறி போட்டுக்கொண்டார்கள். இயக்கம் தொடங்கும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்றே இயான் கூறி வந்தார்.

சுருட்டுப் பெட்டிப் பணம்

டீன் ஐடில்ஸ் கோஷ்டி நீண்ட காலம் நீடிக்கவில்லை. 1980 நவம்பரில் கலைந்தது.

அதுவரை பாடிக் கிடைத்த பணத்தை அவர்கள் செலவழிக்கவில்லை. ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்து இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 600 டாலர். ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொண்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தங்கள் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டார்கள்.

ஆயிரம் தட்டுகள் அச்சாயின. உறைகளை வெட்டி, மடித்து, பசை ஒட்டியது அவர்களும் நண்பர்களுமே. அட்டையில் என்ன படம் தெரியுமா? பெருக்கல் குறி போட்ட இரண்டு கைகள்!

அப்படிப் பிறந்ததுதான் "டிஸ்கார்டு" இசைத்தட்டுக் கம்பெனி. "அபஸ்வரம்" என்று பொருள். வாஷிங்டன் வட்டாரக் கோஷ்டிகளின் பாட்டுகளை மட்டுமே வெளியிடுவது அதன் வழக்கம். பாடகர்களோடு ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொள்வதும் இல்லை. வாய்ச்சொல்தான். லாபத்தில் பங்கு உண்டு.

தூண் மறைத்த மேடை

அந்தக் காலத்தில் வாஷிங்டன் பிள்ளைகள் ஓடிய இடம் "9:30 கிளப்". 1980-ம் ஆண்டு மே மாதம் திறந்தார்கள். எப் தெருவில் 930-ம் எண் கட்டிடம். கதவு எண்ணே பெயர் ஆயிற்று.

அனுமதிக்கப்பட்ட கூட்டம் 199 பேர்தான். நீண்ட நடை ஒன்றைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மேடைக்கு முன்னால் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்! பாதிக் கோஷ்டியைத்தான் பார்க்கலாம். எலிகள் உண்டு. நாற்றமும் உண்டு. அந்த நாற்றத்தையே பழைய ரசிகர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்லுகிறார்கள்.

இருந்தாலும் கூட்டம் குறையவில்லை. காரணம் என்ன?

பெரிய மைதானத்தில் பாடகர் விரல் அளவுதான் தெரிவார். திரையில் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சிறிய கிளப்பில் கிதார்க் கம்பி அறுந்தால் முன் வரிசைக்காரனுக்குத் தெரியும். பாடகரின் நெற்றி வேர்வை தெரியும். டிரம் அடிப்பது காதில் மட்டும் விழாது. நெஞ்சில் இடிக்கும். பாடகர் சொல் மறந்தால் கூட்டம் எடுத்துக் கொடுக்கும். கச்சேரி முடிந்ததும், பாடியவரே மேடையில் இருந்து இறங்கி, தம் டிரம்மைத் தாமே தூக்கிக்கொண்டு வேனுக்குப் போவார். வாசலில் நிறுத்திப் பேசலாம்.

வீட்டில் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்ட பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். ஆயுள் முழுக்கப் பேசுவான்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

நால்வர் கோஷ்டி

1987-ம் ஆண்டு இயான் மெக்கை புதிய கோஷ்டியைத் தொடங்கினார். அதன் பெயர் "ஃபுகாசி". வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பேசிய கொச்சைச் சொல் அது. நிலைமை சீர்கெட்டுவிட்டது என்பது அதன் கருத்து.

இயானும் கீ பிச்சியோட்டோவும் பாட்டு, கிதார். ஜோ லாலி அடிக்கட்டைச் சுரம் தரும் பேஸ் கிதார். பிரெண்டன் கேன்டி டிரம்.

1987 செப்டம்பர் 3-ந் தேதி, வாஷிங்டனில் "வில்சன் சென்டர்" என்ற பொதுக் கூடத்தில் முதல் கச்சேரி. கீ பிச்சியோட்டோ அன்று மேடைக்காரர் அல்ல! பிறகு மெல்ல மெல்ல மேடை ஏறி, கோஷ்டியில் சேர்ந்தவர் அவர்.

அவர் ஆட்டம் அப்படி இப்படி இராது. 1988-ல் பிலடெல்பியா நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கச்சேரி. மேடைக்கு மேலே கூடைப்பந்து வளையம் இருந்தது. கீ அதில் நுழைந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடினார்! அந்தக் காட்சி 1999-ல் வெளிவந்த "இன்ஸ்ட்ருமென்ட்" என்ற படத்தில் இருக்கிறது.

எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அவர்கள் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்குவார். மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே, நேற்றுக் கேட்ட கச்சேரி இன்று இராது. ஒரே ரசிகர் பலமுறை வந்தார் என்றால் காரணம் இதுதான்.

இரண்டு நிபந்தனை

ஃபுகாசியைக் கச்சேரிக்கு அழைப்பவர்கள் இரண்டு நிபந்தனைக்கு உட்பட வேண்டும்.

ஒன்று: எல்லா வயதினருக்கும் அனுமதி. சிறுவர்களுக்குக் கதவு அடைக்கும் இடத்தில் பாட மாட்டார்கள். கிளப் ஒப்புக்கொள்ளாவிட்டால் மாதா கோவில் கூடம், சமூகக் கூடம், உடற்பயிற்சிக் கூடம் என்று வேறு இடம் பார்ப்பார்கள்.

இரண்டு: டிக்கெட் விலை ஏறக்கூடாது. பெரும்பாலான கச்சேரிகளுக்கு 5 டாலர்தான்!

பள்ளிக்கூடப் பையன் கையில் என்ன இருக்கும்? புல் வெட்டியோ, பத்திரிகை போட்டோ சேர்த்த சில டாலர்கள் இருக்கும். அந்தப் பையனும் வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

இது எப்படிக் கட்டுபடி ஆயிற்று? அதிலும் மந்திரம் இல்லை. அவர்களுக்குத் தனி மானேஜர் கிடையாது. கச்சேரிகளுக்குத் தேதி கொடுப்பது இயானே. வேனில் பயணம். நண்பர் வீட்டில் படுக்கை. செலவு குறைந்தால் டிக்கெட்டும் குறையும். வீட்டுக் கணக்குப் பார்க்கும் தாய்மார்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோஷ்டியின் பெயர் போட்ட சட்டைகளை விற்றால் நல்ல காசு. அதையும் அவர்கள் விற்கவில்லை.

1993-ல் நியூயார்க்கில் ஒரு கச்சேரி முடிந்ததும், புகழ்பெற்ற "அட்லாண்டிக்" இசைத்தட்டுக் கம்பெனியை நிறுவிய அகமது எர்டகன் நேரில் வந்து, தம் கம்பெனிக்கு வரும்படி அழைத்தார். பெரிய பாடகர்கள் தவம் கிடக்கும் அழைப்பு அது! நால்வரும் மறுத்துவிட்டார்கள்.

உறைக்குள் 5 டாலர்

ராக் கச்சேரி என்றால் கலாட்டா என்ற பெயர் உண்டு. முன்னால் நிற்பவர்கள் முண்டுவார்கள், மோதுவார்கள். ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவுவார்கள். பலசாலிகள் ஆடினால் சிறுவர்களும் பெண்களும் பின்னுக்கு ஒதுங்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்தவர் அடிபடாமல் பார்க்க வேண்டாமா?

ஃபுகாசி கோஷ்டியினர் பாட்டை நிறுத்திவிடுவார்கள். முரட்டுத்தனம் செய்தவரை மேடையில் இருந்தே கூப்பிட்டு, மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டால் சரி. கேட்காவிட்டால்?

உறை ஒன்று தயாராக இருக்கும். அதற்குள் 5 டாலர் நோட்டு! டிக்கெட் பணத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அடி இல்லை, உதை இல்லை. பணம் வாபஸ், கச்சேரி தொடரும்!

ஊருக்கு உதவி

சொந்த ஊரான வாஷிங்டனில் பாடினால் பெரும்பாலும் அது இலவசக் கச்சேரியாக இருக்கும். அல்லது பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டும் கச்சேரியாக இருக்கும்.

வளைகுடாப் போர் மூளும் தறுவாயில், 1991 ஜனவரி 12-ந் தேதி, ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாபாயட் பூங்காவில் அவர்கள் பாடினார்கள். போர் வேண்டாம் என்ற கிளர்ச்சியின் பகுதி அது. குளிரையும் பொருட்படுத்தாமல் இளைஞர்கள் கூடினார்கள்.

1987 முதல் 2002 வரை ஃபுகாசி ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகள் நடத்தியது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பாடியது. வெளிநாடுகளுக்கும் போனது. 2002 நவம்பர் 4-ந் தேதி லண்டனில் பாடிய பிறகு கோஷ்டி ஓய்வு எடுத்துக்கொண்டது. குடும்பம், குழந்தைகள் என்று கடமைகள் வந்துவிட்டன. சண்டை இல்லை. சச்சரவு இல்லை.

ஆனால், ஒலி போய்விடவில்லை. 800-க்கு மேற்பட்ட கச்சேரிகளை அவர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்து இருந்தார்கள். 2011 டிசம்பர் முதல் அவற்றை இண்டர்நெட்டில் வெளியிடத் தொடங்கினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் குறித்த விலை எவ்வளவு?

5 டாலர்! இயலாதவர் 1 டாலர் கொடுத்தாலும் போதும்.

16 வயதில் போன கச்சேரியை 50 வயதில் மீண்டும் கேட்கிறார்கள் பழைய ரசிகர்கள். கூட்டத்துக் கூச்சலில் தங்கள் குரலும் இருக்கிறதா என்று காது கொடுத்துத் தேடுகிறார்கள்.

மூடிய கதவும் திறந்த கதவும்

சிறிய கிளப்களின் வாழ்வு எப்போதும் கயிற்றின்மேல் நடைதான். வாடகை ஏறினால் ஆபத்து. நியூயார்க்கில் 1973-ல் தொடங்கி உலகப் புகழ் பெற்ற "சிபிஜிபி" கிளப்பில், ஞாயிறு பகல் கச்சேரிகளுக்குச் சிறுவர்களும் வருவார்கள். வாடகைத் தகராறால் அது 2006 அக்டோபரில் மூடப்பட்டது.

2020-ல் கொரோனா வந்தது. எல்லாக் கிளப்களும் ஒரே நேரத்தில் இருண்டன. கிளப் நடத்துகிறவர்கள் சங்கம் சேர்த்துப் போராடினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் உதவிச் சட்டம் செய்தது. கச்சேரி மேடைகள், நாடக அரங்குகள் முதலியவற்றுக்காக 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. அணையப் போன விளக்குகள் பலவற்றுக்கு அந்த எண்ணெய் உயிர் கொடுத்தது.

வாஷிங்டனின் "9:30 கிளப்" 1996-ல் வேறு தெருவுக்கு மாறியது. 1,200 பேர் கொள்ளும் பெரிய இடம். வசதி வந்தது. ஆனால், பழைய சிறு கிளப்பின் நினைவு ரசிகர்களை விடவில்லை.

உரிமையாளர்கள் 2023-ல் ஒரு காரியம் செய்தார்கள். பக்கத்திலேயே "அட்லாண்டிஸ்" என்று இன்னொரு கிளப்பைக் கட்டினார்கள். பழைய கிளப்பின் சாயலிலேயே கட்டினார்கள். 450 பேருக்குத்தான் இடம்.

அந்த ஆண்டு மே 30-ந் தேதி திறப்பு விழாக் கச்சேரி. பாடியது "ஃபூ ஃபைட்டர்ஸ்". மைதானங்களை நிரப்பும் கோஷ்டி! அதன் தலைவர் டேவ் குரோல். வாஷிங்டனுக்கு அருகே வளர்ந்தவர். 13 வயதில் சிகாகோவில் ஒரு சிறு விடுதிக்கு உறவுக்காரப் பெண் அவரை அழைத்துப் போனாள். "நேக்கட் ரேகன்" என்ற உள்ளூர்க் கோஷ்டி பாடியது. அதுதான் அவர் பார்த்த முதல் ராக் கச்சேரி. தம் வாழ்வை மாற்றியது அந்த இரவே என்று அவரும் கூறுகிறார்.

16 வயது இயானுக்கு ஓர் இரவு. 20 வயது ஹென்றிக்கு ஓர் இரவு. 13 வயது டேவுக்கு ஓர் இரவு. மூவரும் அன்று கூட்டத்தில் நின்ற பிள்ளைகள். வாசலில் யாராவது "நீ சிறுவன், போ" என்று திருப்பி அனுப்பியிருந்தால்?

அதனால்தான் கையில் ஒரு குறியைப் போட்டாவது உள்ளே விடச் சொன்னார்கள் அந்தப் பையன்கள். அதனால்தான் 5 டாலரைத் தாண்ட மறுத்தார்கள் அந்த நால்வர்.

அடுத்த பாட்டுக்காரன் எங்கோ மேடைக்கு எதிரே, தூணுக்குப் பின்னால், குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.